கல்குவாரிக் கருத்துக்கேட்புக் கூட்டம்: அறிவிப்பு வந்த நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தொண்டை வற்றப் பேசுகிறார்கள், ஆனால் பேசியது தாளில் ஏறுவதில்லை. அனுமதி கொடுப்பதா, மறுப்பதா என்று முடிவு செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டத்தின் பதிவுதான் அவர்கள் மேசைக்குப் போகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தப் பதிவுக்குள் உங்கள் வாதம் உருக்குலையாமல் போய்ச் சேர்வதற்கானது. குவாரி கூடாது என்பவர், நிபந்தனையோடு வரட்டும் என்பவர், வேலைக்காக வரவேற்பவர் எல்லோருக்கும் வழி இதுதான்.

1. எந்தக் கூட்டம் என்று முதலில் பாருங்கள்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 4-ஆம் பின்னிணைப்புப்படி நடப்பதுதான் இந்தக் கூட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். கிராம சபை வேறு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் வேறு. அங்கெல்லாம் மனு கொடுத்துவிட்டோம் என்று இதை விட்டுவிட்டால், அந்த மனு இந்தக் கோப்பில் தானாக வந்து சேராது.

5 ஹெக்டேருக்குக் குறைவான தனிக் குவாரிக்கு வழக்கமாக இந்தக் கூட்டம் இருக்காது. ஆனால் 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளை ஒரே கிளஸ்டராகக் கணக்கிட்டு, மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் கட்டாயம். 2 ஹெக்டேர் குவாரிக்கு எதற்குப் பெரிய கூட்டம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூட்டம் நடக்கிறது என்றாலே பக்கத்துக் குவாரிகளின் பாதிப்பையும் சேர்த்துப் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

சோலார் மின்பூங்கா, உயர் மின்கோபுரப் பாதை ஆகியவற்றுக்கு இந்த அறிவிக்கைப்படி கூட்டம் கிடையாது. கோபுரத்துக்காக நிலம் பாதிக்கப்பட்ட விவசாயி இந்தக் கூட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் காலம்தான் போகும். அவர் 10-ஆம் பகுதியைப் பார்க்கலாம்.

2. 30 நாளைக் காலண்டரில் குறியுங்கள்

ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். விளம்பரத்தை வெட்டி, நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் 30 நாள் கொடுக்கப்படவில்லை என்று வாதிட நேர்ந்தால் இந்தத் தாள்தான் ஆதாரம். நாளிதழ் எட்டாத ஊர்களில் தண்டோரா போன்ற வழிகளில் தெரிவிக்க வேண்டும் என்றும் அறிவிக்கை சொல்கிறது. அஞ்செட்டி மலைக்கிராமங்களில் இது பெயரளவுக்கான விதி அல்ல. தண்டோரா போடப்படவில்லை என்றால் அதையே மனுவின் முதல் குறையாக எழுதலாம்.

30 நாள் நிறைய என்று தோன்றும். உண்மையில் போதாது. முதல் மூன்று நாளில், குவாரியால் வரும் பாதிப்பு பற்றிக் குவாரித் தரப்பு கொடுத்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை கைக்கு வர வேண்டும். பத்தாம் நாளுக்குள் படித்து முடிக்க வேண்டும். அடுத்த பத்து நாள் அளப்பதற்கும் படம் எடுப்பதற்கும். 25-ஆம் நாளுக்குள் மனு தயாராகிவிட வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அறிக்கையைக் கேட்பது. பதில் தர அவர்களுக்கும் 30 நாள் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு பதில் வரும். அறிக்கை ஏற்கெனவே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட ஆவணம். நேரில் போய்க் கேட்டால் போதும்.

3. வரைவு அறிக்கையைக் கைக்குக் கொண்டுவருவது

அறிக்கையை எங்கெங்கே பார்க்கலாம் என்பது விளம்பரத்திலேயே இருக்கும்: ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ஊராட்சி அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கான வாரிய அலுவலகம் ஓசூரில் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தேடி அலைய வேண்டாம்.

சுருக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். பலர் அந்தச் சுருக்கத்தைப் படித்ததோடு நின்றுவிடுகிறார்கள். சுருக்கத்தில் குறை தெரியாது. அது குறை தெரியாதபடி எழுதப்படுவது. முழு அறிக்கையும், அதன் இணைப்புகளும் வேண்டும். நகல் தர மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் அறிக்கையே இல்லை என்றால், "இன்ன தேதி, இன்ன நேரம் சென்றோம், அறிக்கை இல்லை" என்று ஊராட்சிச் செயலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

தளி, பாகலூர், பேரிகை பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஊர்கள் ஏராளம். அங்கே தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துக் காட்டி விளக்க இரண்டு பேரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கூட்ட நாளன்றும் அவர்கள் வேண்டும்.

4. அறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குபவர் மூன்றாவது அத்தியாயத்தில் தூங்கிவிடுவார். இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள். அனுமதியை முடிவு செய்கிற மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முன்னதாகக் கொடுத்த ஆய்வு வரையறைக் கடிதம் அங்கே இருக்கும். அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆணையமே எண் போட்டுக் கேட்டிருக்கும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் உள்ள பக்கத்தைக் குறியுங்கள். பதில் இல்லாதவை உங்கள் வலுவான வாதங்கள். "ஆணையம் கேட்டது, அறிக்கை தரவில்லை" என்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

அதில் தவறாமல் பார்க்க வேண்டியவை சில.

வீடுகளின் கணக்கு. குவாரி எல்லையிலிருந்து 50, 100, 200, 300, 500 மீட்டருக்குள் உள்ள வீடு, கோயில், கொட்டகை ஒவ்வொன்றும், அதில் வசிப்பவர் எத்தனை பேர், கட்டடம் எத்தனை வருடப் பழமை என்று தமிழ்நாட்டு ஆணையம் பட்டியல் கேட்கிறது. பல அறிக்கைகளில் அந்த இடத்தில் செயற்கைக்கோள் படம் ஒன்றும், அதன் மேல் வட்டங்களும் மட்டும் இருக்கும். பட்டியல் எங்கே என்று கேளுங்கள்.

கிணறுகளின் கணக்கு. 1 கிலோமீட்டருக்குள் உள்ள திறந்த கிணறு, ஆழ்குழாய்க் கிணறு, ஏரி, குட்டை, ஓடை ஆகியவற்றோடு மழைக்காலம், கோடைக்காலம் இரண்டின் நீர்மட்டமும் வேண்டும். ஒரே ஒரு மாதத்தின் அளவு மட்டும் இருந்தால் அது குறை.

காற்று அளந்த இடங்கள். காற்று மாதிரி எடுத்த ஊர்களின் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா, குவாரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். மிக அருகில் உள்ள கொட்டாயை விட்டுவிட்டு 5 கிலோமீட்டர் தள்ளி அளந்திருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பி.எம். 10 என்ற தூசிக்கு 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இப்போதே 70, 80 என்று இருந்தால், கிளஸ்டரில் உள்ள எல்லாக் குவாரியும் ஓடும்போது எவ்வளவு ஆகும் என்ற கணக்கைத் தேடுங்கள். பெரும்பாலும் தன் குவாரியின் தூசியை மட்டும் கூட்டியிருப்பார்கள்.

வெடி அதிர்வு. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் வினாடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. என்பது வரம்பு. மிக அருகில் உள்ள வீட்டில் எவ்வளவு அதிர்வு வரும் என்று அறிக்கை எண்ணாகச் சொல்ல வேண்டும். "பாதிப்பு குறைவு" என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேளுங்கள்.

வண்டிகள். இதை நீங்களே கணக்குப் போடலாம். மாதிரிக்கு, வருடத்துக்கு 60,000 கன மீட்டர் கல், 300 வேலைநாள் என்றால் ஒரு நாளைக்கு 200 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கல் சுமார் 2.6 டன். டிப்பரில் 6 கன மீட்டர், அதாவது பதினைந்தரை டன் போகிறது என்று வையுங்கள். நாளுக்கு 33 லோடு. போக வர 66 நடை. 8 மணி நேர வேலையில் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிப்பர் உங்கள் பள்ளிக்கூடத்தைக் கடக்கும். அறிக்கையில் "நாளொன்றுக்கு 10 வாகனம்" என்று இருந்தால் இரண்டில் ஒன்று பொய்: உற்பத்தி அளவு அல்லது வண்டிக் கணக்கு. கிளஸ்டரில் நான்கு குவாரி இருந்தால் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

வேறு அறிக்கையிலிருந்து நகலெடுத்த தடயங்கள். மா, கேழ்வரகு, நிலக்கடலை, மல்பெரி விளைகிற ஊருக்கு "முக்கியப் பயிர் நெல், கரும்பு" என்று இருக்கும். வேறு மாவட்டத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். இது சிரிப்பதற்கு மட்டும் அல்ல. ஓரிடத்தில் நகல் என்று நிரூபித்தால், கள ஆய்வு நடந்ததா என்ற கேள்விக்கு வலு வருகிறது.

5. உங்கள் அளவுகளை நீங்களே எடுங்கள்

புல எண்ணைக் கொண்டு எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடம், சிட்டா, அ-பதிவேடு மூன்றையும் வருவாய்த் துறை இணையதளத்திலிருந்து எடுங்கள். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். ஓடை, வண்டிப்பாதை, குட்டை எல்லாம் பழைய வரைபடத்தில் இருக்கும். அறிக்கையின் படத்தில் காணாமல் போயிருக்கும்.

தூரத்தைக் குத்தகை எல்லையிலிருந்து அளக்க வேண்டும். வெட்டப்போகும் குழியின் விளிம்பிலிருந்து அளந்து காட்டினால் தூரம் கூடிவிடும். கூகுள் எர்த்தில் அளவுகோல் கருவியால் அளந்து, படத்தை அச்சிட்டு, எல்லைத் தூணின் எண்ணையும் எழுதுங்கள்.

குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை கூடாது என்பது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 36-ஆம் விதி. இதில் ஒரு நுணுக்கம் தெரியாமல் பலர் தோற்கிறார்கள். "குடியிருப்பு" என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தம் அல்லது வீட்டுமனையாக உள்ள இடம், அல்லது உள்ளாட்சி, நகரமைப்பு அமைப்புகள் ஒப்புதல் கொடுத்த மனை என்று விதியே விளக்கம் தருகிறது. நம் பக்கத்தில் வீடுகள் காட்டுக்கொட்டாய்களாக நிலத்தின் நடுவே சிதறிக் கிடக்கின்றன. பட்டா நிலத்தில் கட்டிய கொட்டாயை "பண்ணைக் கொட்டகை" என்று எழுதி 300 மீட்டர் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். அதனால் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ஊராட்சியின் கட்டட ஒப்புதல், குடும்ப அட்டை முகவரி எல்லாவற்றையும் வீடு வீடாகச் சேர்த்து வையுங்கள். ஊராட்சி ஒப்புதல் கைவசம் இருக்கும் வீடு ஒன்று கிடைத்தால் அதுதான் உங்கள் துருப்புச் சீட்டு.

காப்புக்காடு பற்றி அடிக்கடி வரும் தவறு: "காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறது" என்பது. 2021 நவம்பரில் அப்படி ஒரு விதி வந்தது உண்மை. 2022 டிசம்பரில் திருத்தம் வந்து காப்புக்காடு அதிலிருந்து நீக்கப்பட்டது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், யானை வழித்தடம் ஆகியவை தொடர்கின்றன. பழைய விதியை மேற்கோள் காட்டினால் உங்கள் மனுவின் மற்ற வரிகளும் எடுபடாமல் போகும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து ஊர்கள் பார்க்க வேண்டியது, 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்பதை.

கிணற்று நீர்மட்டத்துக்குக் கருவி வேண்டாம். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம்வரை டேப்பால் அளந்தால் போதும். காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடி நின்ற கிணற்றின் அளவை எதிர்த்தரப்பு உடனே தள்ளுபடி செய்துவிடும். தேதி, நேரம், புல எண், கிணற்றின் மொத்த ஆழம், நீர்மட்டம் என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று வையுங்கள். 20 கிணறு போதும்.

திறந்த கிணறு வற்றினால் என்ன, ஆழ்குழாய் போட்டுத் தருகிறோம் என்பது வழக்கமான பதில். ஃபுளோரைடு பாதித்த இந்த இரண்டு மாவட்டங்களில் அந்தப் பதிலை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஊரில் உள்ள ஆழ்குழாய் நீரைக் குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து முடிவை இணையுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பது குடிநீர்த் தரம்.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தனியாக ஆதாரம் சேர்க்க வேண்டும். தூசி படிந்த மல்பெரி இலையைப் புழு சரியாகத் தின்னாது, கூடு இளைத்துவிடும். ஏற்கெனவே குவாரிக்குப் பக்கத்தில் உள்ள தோட்டத்துக்காரர் தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விற்ற ரசீதுகளையும், தள்ளி இருக்கும் தோட்டத்துக்காரரின் அதே மாத ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்து பேர் பேசுவதைவிட அது அதிகம் சொல்லும்.

6. மனுவை எழுதுவது

ஒரு பத்தியில் ஒரு குறை. ஒவ்வொரு குறைக்கும் நான்கு பாகம்: அறிக்கை எந்தப் பக்கத்தில் என்ன சொல்கிறது, களத்தில் என்ன இருக்கிறது, ஆதாரம் எது, என்ன கேட்கிறீர்கள்.

"குவாரி வந்தால் எங்கள் வாழ்வாதாரம் அழியும், எனவே அனுமதி தரக் கூடாது" என்று எழுதினால் பதிவில் "வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்று தெரிவித்தார்" என்று ஒரு வரி ஏறும். குவாரித் தரப்பின் பதிலும் தயாராக இருக்கும்: "உள்ளூர் மக்களுக்கு வேலை தரப்படும்."

இப்படி எழுதிப் பாருங்கள்: "அறிக்கை பக்கம் 84-இல் 300 மீட்டருக்குள் வீடுகள் இல்லை என்று உள்ளது. குத்தகையின் வடகிழக்கு எல்லைத் தூணிலிருந்து 210 மீட்டரில் ஊராட்சி ஒப்புதல் பெற்ற வீடு உள்ளது. இணைப்பு 3: ஒப்புதல் நகல், வீட்டுவரி ரசீது, அளவு குறித்த படம். வருவாய்த் துறையும் கனிமவளத் துறையும் மனுதாரர்கள் முன்னிலையில் கூட்டாக அளந்து அறிக்கை தரும்வரை திட்டத்தைப் பரிசீலிக்கக் கூடாது." எண்கள் மாதிரிக்குத்தான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் யாராவது வந்து அளந்தே ஆக வேண்டும்.

பாகப்பிரிவினைத் தகராறு, பட்டாப் பிரச்சினை, குவாரிக்காரர் பழைய பாக்கி தரவில்லை என்பதையெல்லாம் இதில் கலக்காதீர்கள். ஒரே ஒரு சொந்தத் தகராறு உள்ளே நுழைந்தால் மனு முழுவதும் முன்விரோதம் என்று முத்திரை குத்தப்படும். நூறு பேர் ஒரே நகலில் கையொப்பமிடுவதைவிட, வெவ்வேறு குறையை எழுதிய பத்து மனுக்கள் மேல். ஒரே வாசகம் உள்ள நூறு மனுவும் பதிவில் ஒரே வரியாகிவிடும்.

அசலைக் கொடுக்காதீர்கள். நகலை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கூட்டத்துக்கு முன்பே கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொன்றை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளைகளும் எழுத்தில் அனுப்பலாம். நேரில் பேசும் வாய்ப்பு உள்ளூரில் பாதிக்கப்படுபவர்களுக்கானது. சுற்றுச்சூழல் அக்கறை உள்ள மற்றவர்களுக்கு எழுத்துவழி இருக்கிறது.

7. யார் எதைப் பேசுவது

முதலில் பேசுபவர் எல்லாவற்றையும் பேசிவிட்டால், அடுத்து வருபவர்கள் "அண்ணன் சொன்னதுதான்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். முன்தினமே பிரித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்காரர் கிணறு பற்றி, பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் டிப்பர் பாதை பற்றி, மாந்தோப்புக்காரர் பூ எடுக்கும் தை, மாசி மாதத் தூசி பற்றி. ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதி வைத்துப் படித்தாலும் குறையில்லை.

ஒவ்வொருவரும் பெயர், ஊர், குவாரியிலிருந்து தூரம் சொல்லித் தொடங்க வேண்டும். தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுபவர் ஒரு வாக்கியம் பேசியதும் நிறுத்தி, மொழிபெயர்ப்பவரைச் சொல்லவிட வேண்டும். இல்லையென்றால் பதிவெழுதுபவர் "எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று முடித்துவிடுவார்.

8. கூட்ட நாள்

புறக்கணிப்பு வேண்டாம். இதில் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. ஐந்து பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. வந்த ஐந்து பேரும் ஆதரவாளர்கள் என்றால் பதிவு அப்படித்தான் போகும்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சம்மதம் அல்ல. அந்தப் பயத்தில் பலர் கையெழுத்திடாமல் நிற்கிறார்கள். அவர்கள் வந்ததற்கே சாட்சி இல்லாமல் போகிறது. தாளின் மேல் "வருகைப் பதிவு" என்று தலைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தலைப்பில்லாத வெற்றுத் தாளில் இடாதீர்கள்.

முழு நிகழ்ச்சியும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். அந்தப் பதிவும் ஆணையத்துக்குப் போகிறது. மைக்குக்குத் தள்ளி நின்று கத்துவது அதில் வெறும் இரைச்சல். மைக் முன்னால் நின்று பேசுங்கள். ஆதரவாகப் பேச லாரியில் ஆட்கள் வந்தால் தடுக்காதீர்கள். கைகலப்பு நடந்தால் பதிவில் மிஞ்சுவது கைகலப்பு மட்டும்தான்.

குவாரித் தரப்பு முதலில் திட்டத்தை விளக்கும். மக்கள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்பது பதில் அல்ல. எத்தனை வேலிமரம், எந்தப் பாதையில் டிப்பர், வெடிநேரம் எத்தனை மணி என்று எண்ணாக வாங்குங்கள். கூட்டத்தில் சொன்ன உறுதிமொழியை இறுதி அறிக்கையிலும் செலவுத் திட்டத்திலும் சேர்க்க வேண்டியது அவர்கள் கடமை.

இனி மிக முக்கியமான பதினைந்து நிமிடம். கூட்டம் முடிந்ததாக எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போகும் நேரத்தில்தான் நடவடிக்கைச் சுருக்கம் வாசிக்கப்படும். உள்ளூர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும், அன்றைக்கே தலைமை ஏற்றவர் கையொப்பமிட வேண்டும் என்பதும் விதி. நான்கு பேராவது பட்டியலோடு உட்கார்ந்திருங்கள். பேசிய ஒவ்வொரு குறைக்கும் எதிரே டிக் போட்டுக்கொண்டே கேளுங்கள். விடுபட்டதும் கையைத் தூக்கி, "அய்யா, கிணற்று நீர்மட்டம் பற்றிச் சொன்னது வரவில்லை, சேர்க்கச் சொல்லுங்கள்" என்று மைக்கில் சொல்லுங்கள். சேர்க்காவிட்டாலும் நீங்கள் கேட்டது வீடியோவில் இருக்கும். வாசிக்கவே இல்லை என்றால், வாசிக்கும்படி கேட்டதும் வீடியோவில் இருக்க வேண்டும்.

9. கூட்டத்துக்குப் பிறகு

கூட்டம் முடிந்த 8 நாளுக்குள் வாரியம் நடவடிக்கைகளை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். பிரதி ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வாரிய இணையதளத்திலும் வைக்கப்பட வேண்டும். அதை எடுத்து உங்கள் டிக் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாற்றமோ விடுபாடோ இருந்தால் சென்னையில் உள்ள மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம். அறிவிக்கை அதற்கு இடம் தருகிறது. கடிதத்தின் தலைப்பில் திட்டத்தின் கோப்பு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத கடிதம் எந்தக் கோப்பிலும் சேராது.

சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், ஆணையத்துக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டத் தேதியும் முடிவும் தெரியும். வாரம் ஒருமுறை பாருங்கள். யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லப் போவதில்லை.

அனுமதி கிடைத்தால் 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 90 தாண்டினால் கதவு மூடப்படும். வக்கீலைத் தேடும்போது கையில் விளம்பரம், முத்திரையிட்ட மனு, டிக் பட்டியல், நடவடிக்கைப் பிரதி நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மேல்முறையீடு செய்யாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டியது குவாரித் தரப்பின் பொறுப்பு. கிணற்று நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். குவாரி வருவதற்கு முன் எடுத்த அளவு இருந்தால்தான் பின்னால் வற்றியதற்குப் பொருள் உண்டு.

10. கொள்கைக் குறை என்றால் வேறு வாசல்

ஒரு குவாரியைப் பற்றி அல்லாமல் விதியைப் பற்றியே குறை இருந்தால், ஆட்சியர் முன் பேசிப் பயனில்லை. அவருக்கு அதை மாற்றும் அதிகாரம் இல்லை.

சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது முன்கூட்டி மனு கேட்டு ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும். மனு தமிழில், ஐந்து நகல்களோடு, குழுவின் தலைவர், தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்ற முகவரிக்குப் போக வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. அதுவும் பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா மாற்றம், வேலை, வங்கிக்கடன், ஓய்வூதியம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை ஏற்கப்படாது. குவாரித் தூசி, டிப்பரால் உடைந்த சாலை, வற்றிய ஏரி என மூன்றையும் ஒரே தாளில் எழுதுவது இங்கே நடக்கும் வழக்கமான தவறு. மூன்றும் மூன்று துறை, மூன்று மனு.

மின்கட்டணம் என்றால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 கட்டண உயர்வுக்கு கோவை, மதுரை, சென்னையில் மட்டும் கூட்டம் நடந்தது. நம் மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் போக முடியாதவர்கள், ஆணையம் விளம்பரத்தில் குறித்த கடைசித் தேதிக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். "கட்டணத்தைக் குறையுங்கள்" என்பதைவிட, உங்கள் விசைத்தறிக்கோ சிறு பட்டறைக்கோ ஆறு மாத மின்கட்டண ரசீதைப் போட்டு, நிலைக்கட்டணம் எத்தனை சதவீதம் என்று கணக்குக் காட்டுவது எடுபடும்.

நாடாளுமன்றத்தில் மசோதா குழுவுக்குப் போனால், உதாரணமாக 2022 மின்சாரத் திருத்த மசோதாவும் 2023 வனப் பாதுகாப்புத் திருத்த மசோதாவும் அப்படிப் போனவை, கருத்து கேட்டு விளம்பரம் வரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். பிரிவு எண் வாரியாக, என்ன சொல்லை எடுத்து என்ன சொல்லைப் போட வேண்டும் என்று எழுதுங்கள். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் மனுவிலேயே குறிப்பிட வேண்டும்; கூப்பிடுவதா வேண்டாமா என்பது குழுவின் முடிவு. அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாகவும் வைக்கப்படும். அதனால் அனுப்பிய கையோடு அதையே படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள்.